கட்சி சாரா வாக்காளர்கள் 43 சதவீதமாம்… அவர்கள் ஓட்டு எதைப் பார்த்து விழுகிறது?

#1 கேள்விக்குறி

2024 அமெரிக்க அதிபர் தேர்தலின் எக்ஸிட் போல் (வாக்களித்தவர்களிடம் கேட்டு எடுக்கும் கணிப்பு) அட்டவணையில் ஒரு விஷயம் இடிக்கிறது. கட்சி சாராதவர்கள் என்று சொன்னவர்களிடம் ஹாரிஸுக்கு 49, டிரம்புக்கு 46. ஆனாலும் நாடு முழுக்க ஓட்டு எண்ணிக்கையில் டிரம்ப்தான் முன்னால். எந்தப் பக்கமும் சாயக்கூடிய ஏழு ஸ்விங் மாநிலங்களும் அவருக்கே. அந்த ஆண்டு கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் கணக்கில் தன்னை எந்தக் கட்சியிலும் சேர்க்காதவர்கள் 43%. அத்தனை பெரிய கூட்டத்தில் முந்தியவர் தோற்பது எப்படி? அவர்கள் எதைப் பார்த்து ஓட்டுப் போடுகிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 வாக்குக்கணக்கு

முதலில் உங்கள் அட்டவணையையே கூட்டிப் பார்க்கலாம். எக்ஸிட் போலில் வாக்களித்தவர்களில் குடியரசுக் கட்சியினர் 35%, ஜனநாயகக் கட்சியினர் 31%, சாராதவர்கள் 34%. முதல் வகையில் 94% டிரம்புக்கு, 5% ஹாரிஸுக்கு. இரண்டாம் வகையில் 95% ஹாரிஸுக்கு, 4% டிரம்புக்கு.

டிரம்ப்: 32.9 + 1.2 + 15.6 = 49.7
ஹாரிஸ்: 1.8 + 29.5 + 16.7 = 48

நிஜ முடிவு 49.8க்கு 48.3. கணக்கு ஒட்டிப்போகிறது. 34% பேரிடம் 3 புள்ளி முந்தினால் மொத்தத்தில் கிடைப்பது 1 புள்ளி. சொந்தக் கட்சிக்காரர்கள் எண்ணிக்கையில் 4 புள்ளி பின்தங்கினால் மொத்தத்தில் சுமார் 3 புள்ளி போய்விடும். ஹாரிஸ் தோற்றது அந்த இடத்தில்.

அடுத்தது 43%. கேலப் இரண்டு கேள்வி கேட்கிறது. முதல் கேள்விக்கு "எந்தக் கட்சியும் இல்லை" என்றவரை விடாமல், "சரி, எந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வு?" என்று அடுத்த கேள்வி போடும். 2024இல் முதல் கேள்வியில் இரு கட்சிக்கும் தலா 28. சாய்வையும் சேர்த்தால் குடியரசுக் கட்சி 46, ஜனநாயகக் கட்சி 45. ஆக, 43இல் 18 அந்தப் பக்கம், 17 இந்தப் பக்கம். எந்தப் பக்கமும் சாயாத மிச்சம் 8 அல்லது 9. பியூ ஆய்வு மையம் 2019இல் வெளியிட்ட கணக்கும் இதே மாதிரிதான்: சாராதவர் 38, அதில் ஜனநாயகச் சாய்வு 17, குடியரசுச் சாய்வு 13, உண்மையிலேயே எந்தப் பக்கமும் இல்லாதவர் 7.

சாய்வாளர்கள் ஓட்டுச்சீட்டில் கட்சிக்காரர்கள் மாதிரியேதான் நடந்துகொள்கிறார்கள். பல தேர்தல்களில், "நான் கட்சிக்காரன்தான், ஆனால் அவ்வளவு தீவிரமில்லை" என்பவரைவிட "கட்சி இல்லை, கொஞ்சம் சாய்வு" என்பவர் அந்தக் கட்சிக்கு விசுவாசமாக இருந்திருக்கிறார்.

#3 நாணல்

கூட்டல் சரி. கடைசிப் பத்தியை மட்டும் அப்படியே ஏற்க முடியாது. சாய்வை எப்போது கேட்கிறார்கள்? தேர்தலை ஒட்டி, அந்த ஆள் யாருக்குப் போடுவது என்று முடிவு செய்த பிறகு. டிரம்புக்குப் போடப்போகிறவர் "குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்வு" என்கிறார், பிறகு டிரம்புக்கே போடுகிறார். அதை விசுவாசம் என்று எப்படிச் சொல்வது? ஓட்டிலிருந்து சாய்வு பிறந்திருக்கலாம். ஒரே ஆட்களை இரண்டு மூன்று தேர்தல்களுக்குத் தொடர்ந்து கேட்டால்தான் இது தெளியும். அப்படிக் கேட்ட தரவுகளில் கட்சிக்காரர்களைவிட சாய்வாளர்கள் அதிகமாக இடம் மாறுகிறார்கள்.

கேள்வியின் வாசகத்தையும் கவனியுங்கள். 1952 முதல் நடக்கும் அமெரிக்கத் தேசியத் தேர்தல் ஆய்வு "பொதுவாக, வழக்கமாக உங்களை எந்தக் கட்சிக்காரராக நினைக்கிறீர்கள்" என்று கேட்கும். கேலப் "இன்றைய நிலையில்" என்று கேட்கும். "இன்றைய நிலையில்" என்று கேட்டால் அந்த வாரச் சூடு பதிலில் ஏறிவிடும். இந்த இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டுவிட்டு "பாருங்கள், கட்சிகள் செத்துவிட்டன" என்று எழுதும் கட்டுரைகளுக்குக் குறைவில்லை.

#4 செம்மரம்

கேள்விக்குறி, உங்கள் சந்தேகம் 2024இல் மட்டும் வருவதில்லை. 2004இல் சாராதவர்களிடம் கெர்ரி 49, புஷ் 48. ஜெயித்தது புஷ். 2012இல் குடியரசுக் கட்சியின் ராம்னி 50, ஒபாமா 45. ஜெயித்தது ஒபாமா.

2012 ஓஹையோவைப் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். அங்கே சாராதவர்களிடம் ராம்னிக்கு 53, ஒபாமாவுக்கு 43. பத்து புள்ளி முன்னிலை! மாநிலத்தை ஒபாமா 3 புள்ளியில் எடுத்தார். வாக்களித்தவர்களில் ஜனநாயகக் கட்சியினர் 38, குடியரசுக் கட்சியினர் 31, சாராதவர் 31. புஷ் காலத்தின் கடைசியில் குடியரசுக் கட்சி என்ற பெயரே பலருக்குக் கசந்துவிட்டது. கொள்கையில் வலதுசாரி, ஓட்டிலும் வலதுசாரி, ஆனால் கேட்டால் "நான் எந்தக் கட்சியும் இல்லை". டீ பார்ட்டி என்ற வலதுசாரி இயக்கத்தின் ஆதரவாளர்களில் நிறையப் பேர் இந்த ரகம். அவர்கள் "சாராதவர்" பெட்டிக்குள் வந்து உட்கார்ந்ததால் அந்தப் பெட்டி வலப்பக்கம் சாய்ந்தது. மனம் மாறிய ஆட்கள் குறைவு, பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்ட ஆட்கள் அதிகம். அந்த ஆண்டு ராம்னி முகாம் தன் உள்கணிப்புகளில் ஏமாந்ததற்கு இந்த 10 புள்ளியை நம்பியதும் ஒரு காரணம்.

அதனால் இரண்டு தேர்தல்களை ஒப்பிடும்போது முதலில் அந்தப் பெட்டியின் அளவு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். 2020இல் 26%, பைடன் 54க்கு 41. 2024இல் 34%, ஹாரிஸ் 49க்கு 46. நடுவில் ஜனநாயகக் கட்சியினர் பங்கு 37இலிருந்து 31ஆக இறங்கியிருக்கிறது. பைடனுக்குப் போட்ட சாராதவர்கள் டிரம்புக்கு மாறினார்களா, பழைய ஜனநாயகக் கட்சிக்காரர்கள் இந்தப் பெட்டிக்குள் வந்தார்களா, 2020இல் வந்தவர்கள் இந்தமுறை வீட்டிலேயே இருந்துவிட்டார்களா? மூன்றில் எது எவ்வளவு என்பதை அட்டவணையை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

#5 கேள்விக்குறி

புரிகிறது. அப்படியானால் அந்த மிச்சம் 8-9 சதவீதம், அவர்களோடு நாணல் சொல்லும் இடம் மாறும் சாய்வாளர்கள், இவர்களை அசைப்பது எது? பொருளாதாரமா, வேட்பாளரின் முகமா, டிவி விவாதமா?

#6 நாணல்

ஆளுங்கட்சி மேல் கோபம். முதலிடம் அதற்குத்தான், இரண்டாவது வெகு தூரம் தள்ளி.

அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் வரும் இடைக்காலத் தேர்தல்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2006, புஷ் ஆட்சி: சாராதவர்கள் ஜனநாயகக் கட்சிக்கு 57-39. 2010, ஒபாமா ஆட்சி: குடியரசுக் கட்சிக்கு 56-37. 2014, அதே ஒபாமா: 54-42. 2018, டிரம்ப் ஆட்சி: ஜனநாயகக் கட்சிக்கு 54-42. நாற்காலியில் யார் இருக்கிறாரோ அவருக்கு அடி. இந்த வாக்காளர்களில் பலர் அரசியல் செய்தியைத் தினமும் பார்ப்பதில்லை. மசோதா எண், நாடாளுமன்ற நடைமுறை எதுவும் அவர்கள் காதுக்குப் போவதில்லை. போவது பெட்ரோல் பங்க் பலகையும் மளிகைக் கடை ரசீதும். 2021 ஜனவரிக்கும் 2024 நவம்பருக்கும் இடையில் விலைவாசி மொத்தமாக 20% அளவுக்கு ஏறியது. "பணவீக்கம் 9.1இலிருந்து 3க்குக் கீழே வந்துவிட்டது" என்று வெள்ளை மாளிகை சொன்னது பொய்யில்லை. ஆனால் பணவீக்கம் குறைவது என்றால் விலை ஏறும் வேகம் குறைவது. முட்டை விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. பொருளாதார வல்லுநர் பார்ப்பது ஏறும் வேகத்தை, வாக்காளர் பார்ப்பது இன்றைய விலையை.

இந்தக் கணக்கு உதைத்த இடம் 2022. ஜூனில் பணவீக்கம் 9.1%, பைடன் செல்வாக்கு தரையில். பழைய வரிசைப்படி சாராதவர்கள் எதிர்க்கட்சிக்கு அள்ளிக் கொடுத்திருக்க வேண்டும். வந்ததோ ஜனநாயகக் கட்சிக்கு 49-47. காரணம் இரண்டு. ஜூன் 24 அன்று உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை ரத்து செய்தது. "இருக்கிற நிலையை மாற்றியது யார்" என்ற கோபம் எதிர்க்கட்சி மேலும் திரும்பியது. இரண்டாவது, வேட்பாளர் தரம். ஜார்ஜியாவில் ஒரே நாள், ஒரே ஓட்டுச்சீட்டு, ஒரே குடியரசுக் கட்சி: ஆளுநர் வேட்பாளர் கெம்ப்புக்கு சுமார் 21 லட்சம், செனட் வேட்பாளர் ஹெர்ஷல் வாக்கருக்கு சுமார் 19 லட்சம். அந்த 2 லட்சம் பேர் கெம்ப் பெயருக்கு நேரே குறி போட்டுவிட்டு, வாக்கர் பெயரைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். சிலர் ஜனநாயகக் கட்சியின் வார்னாக்குக்கு, சிலர் லிபர்டேரியன் வேட்பாளருக்கு, சிலர் வெற்றாக. கெம்ப் முதல் சுற்றிலேயே ஜெயித்தார். வாக்கர் மறுதேர்தலுக்குப் போய்த் தோற்றார்.

இருவரையும் பிடிக்காதபோது என்ன ஆகும் என்பதற்கு 2016 இருக்கிறது. டிரம்ப், கிளிண்டன் இருவர் மேலும் நல்ல அபிப்பிராயம் இல்லாதவர்கள் 18%. அவர்களில் 47% டிரம்புக்கு, 30% கிளிண்டனுக்கு. எட்டு ஆண்டு ஒரே கட்சி ஆட்சிக்குப் பிறகு, இரண்டு கசப்பில் மாற்றம் தரும் கசப்பை எடுத்தார்கள். மிச்சிகன் 10,704, விஸ்கான்சின் 22,748, பென்சில்வேனியா 44,292. மூன்று மாநில வித்தியாசத்தையும் கூட்டினாலும் 80 ஆயிரத்தைத் தொடவில்லை. கடைசி வாரத்தில் முடிவெடுத்தவர்கள் மட்டுமே இதைவிடப் பல மடங்கு.

டிவி விவாதம்: அதைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பக்கம் எடுத்தவர்கள்.

#7 வாக்குக்கணக்கு

2016 விஷயத்தில் நாணலோடு முழு உடன்பாடு. ஒன்றைச் சேர்க்கிறேன். சாராதவர் என்றதும் எல்லாவற்றிலும் நடுவில் நிற்கும் மிதவாதி என்று நினைக்கிறோம், மதில் மேல் பூனை என்கிறோம். பலர் எதிலும் நடுவில் இல்லை. குடியேற்றத்தில் கடும் வலது, குறைந்தபட்சக் கூலியில் தெளிவான இடது என்று கலந்து இருக்கிறார்கள். கருத்துக்கணிப்பில் இரண்டையும் சராசரி எடுத்தால் நடுவில் ஒரு புள்ளி விழும், அவ்வளவுதான்.

மிசௌரி, நவம்பர் 2024. டிரம்புக்கு 58%க்கு மேல். அதே ஓட்டுச்சீட்டில் கருக்கலைப்பு உரிமைத் திருத்தம் 51.6% வாங்கி நிறைவேறியது. கூலியை உயர்த்தும் முன்மொழிவு 57%க்கு மேல் வாங்கியது. அரிசோனாவில் டிரம்ப் ஐந்தரைப் புள்ளியில் ஜெயித்த அன்றே கருக்கலைப்பு உரிமை 61%க்கு மேல் வாங்கியது, செனட்டுக்கு ஜனநாயகக் கட்சியின் கயேகோ போனார். ஒரு கேள்வியைத் தனியாகச் சீட்டில் அச்சடித்துவிட்டால், அதற்கு அங்கேயே பதில் சொல்லிவிட்டு, அதிபர் பெயருக்கு விலைவாசியை நினைத்துக் குறி போடலாம். கருக்கலைப்பு பிரச்சினை 2022இல் வேட்பாளர்களைத் தூக்கியதைப்போல் 2024இல் தூக்காததற்கு இது ஒரு பகுதிக் காரணம் என்பது என் கணிப்பு.

நெறியாளர்

கருக்கலைப்பு சரியா தவறா என்ற இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. இழை வாக்காளர்களைப் பற்றியது. அதற்குள்ளேயே இருங்கள்.

#8 தபால்பெட்டி

கருத்துக்கணிப்பில் "சாராதவர்" என்பது வேறு, வாக்காளர் பட்டியலில் "கட்சி பதியாதவர்" என்பது வேறு. இழையில் இரண்டும் கலந்துவிடும் முன் சொல்லிவிடுகிறேன்.

டெக்சஸ், ஜார்ஜியா, மிச்சிகன், விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில் பதிவுப் படிவத்தில் கட்சி என்ற கட்டமே கிடையாது. கட்சி கேட்கும் மாநிலங்களிலும் பதியாதவர் கூடுவதற்கு மனமாற்றம்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓரிகன் 2016 ஜனவரியில் தானியங்கிப் பதிவைத் தொடங்கியது. ஓட்டுநர் உரிமத்துக்குப் போனால் பெயர் பட்டியலில் ஏறிவிடும். பிறகு வீட்டுக்கு ஓர் அட்டை வரும், கட்சி வேண்டுமானால் அதில் குறித்து அனுப்ப வேண்டும். அட்டையைக் குப்பையில் போட்டவர்கள் எல்லாம் "கட்சி இல்லை". இன்று அந்த மாநிலத்தின் மிகப் பெரிய வகை அதுதான்.

மாசசூசெட்ஸில் கட்சி பதியாதவர்கள் 60%க்கும் மேல். அதிபர் தேர்தலில் 1988 முதல் ஒருமுறைகூட ஜனநாயகக் கட்சியை விட்டு நகரவில்லை. ஆனால் 2018இல் அதே மக்கள் ஒரே நாளில் செனட்டுக்கு ஜனநாயகக் கட்சியின் வாரனை 60% கொடுத்து அனுப்பிவிட்டு, ஆளுநராகக் குடியரசுக் கட்சியின் பேக்கருக்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டுப் போட்டார்கள். வாஷிங்டனுக்கு ஒரு கணக்கு, உள்ளூர் நிர்வாகத்துக்கு ஒரு கணக்கு.

கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தலில்தான் தடுக்கி விழுகிறார்கள். விழும் இடங்கள்:

நியூயார்க், பென்சில்வேனியா, புளோரிடா மூடிய பிரைமரி. கட்சி பதியாவிட்டால் சீட்டு கிடையாது. கடைசி நாள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பென்சில்வேனியாவில் 15 நாள் முன், புளோரிடாவில் 29 நாள் முன், நியூயார்க்கில் கட்சி மாற்ற பிப்ரவரி 14. முன்பு நியூயார்க் இன்னும் மோசம். 2016 ஏப்ரல் பிரைமரிக்கு 2015 அக்டோபர் 9க்குள் கட்சி மாற்றியிருக்க வேண்டும். டிரம்பின் மகள் இவாங்காவும் மகன் எரிக்கும் அந்தத் தேதியைத் தவறவிட்டு, சொந்த அப்பாவுக்கே ஓட்டுப் போட முடியாமல் நின்றார்கள்.

கொலராடோவில் 2016இல் நிறைவேறிய சட்டப்படி, கட்சி பதியாதவருக்கு இரு கட்சிச் சீட்டும் ஒரே தபால் உறையில் வரும். ஒன்றை மட்டும் திருப்பி அனுப்ப வேண்டும். "எதற்கும் இருக்கட்டும்" என்று இரண்டையும் நிரப்பி அனுப்பினால் இரண்டுமே செல்லாது.

அரிசோனாவில் தபால் வாக்குப் பட்டியலில் இருக்கும் சாராதவர், எந்தக் கட்சிச் சீட்டு வேண்டும் என்று மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்கு ஒவ்வொரு பிரைமரிக்கும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தபாலே வராது. அதிபர் வேட்பாளர் தேர்வில் அவர்களுக்கு இடமே இல்லை. கலிபோர்னியாவில் கேட்டு வாங்காவிட்டால் சீட்டு வரும், ஆனால் அதில் அதிபர் பகுதி மட்டும் இருக்காது.

கலிபோர்னியாவில் இன்னொரு கூத்து. "அமெரிக்கன் இண்டிபெண்டன்ட் பார்ட்டி" என்று ஒரு கட்சி. 1968இல் இனப்பிரிவினைவாதி ஜார்ஜ் வாலஸ் போட்டியிட்டதற்காக எழுந்தது, இன்றும் கடும் வலதுசாரி. படிவத்தில் அந்தப் பெயரைப் பார்த்து, தன்னைச் சாராதவர் என்று பதிவதாக நினைத்து டிக் அடித்தவர்கள் ஏராளம். 2016இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் அந்தக் கட்சியில் பதிந்தவர்களை அழைத்துக் கேட்டபோது 73% பேருக்குத் தாங்கள் ஒரு கட்சியில் இருப்பதே தெரியவில்லை. அங்கே சாராதவராக இருக்க வேண்டுமானால் "கட்சி விருப்பம் இல்லை" என்ற கட்டத்தைத்தான் தேட வேண்டும்.

#9 பரங்கிப்பூ

புதிதாகக் குடியுரிமை வாங்கும் நம்மவர்கள் நியூ ஜெர்சியில் கட்சிக் கட்டத்தை வெறுமனே விட்டால் பிரைமரி போச்சா?

#10 தபால்பெட்டி

போகாதுங்க. கட்சி பதியாதவர் பிரைமரி அன்றே வாக்குச்சாவடியில் கட்சியைச் சொல்லிச் சீட்டு வாங்கலாம். ஆனால் அன்றிலிருந்து பட்டியலில் அந்தக் கட்சி உறுப்பினராகவே இருப்பீர்கள். மாற்ற வேண்டுமானால் அடுத்த பிரைமரிக்கு 55 நாள் முன்னால் படிவம் கொடுக்க வேண்டும். நியூ ஹாம்ப்ஷயர் இதில் தாராளம்: சீட்டை வாங்கி ஓட்டைப் போட்டுவிட்டு, வெளியே வரும்போதே ஒரு படிவத்தில் கையெழுத்திட்டுப் பழையபடி சாராதவர் ஆகிவிடலாம்.

#11 செம்மரம்

கட்சிகள் இவர்களை எப்படித் தேடுகின்றன என்பதையும் சொல்லிவிடலாம். வாக்காளர் கோப்பில் யாருக்குப் போட்டார் என்று இருக்காது. எந்தத் தேர்தலில் வந்தார், எந்தக் கட்சியின் பிரைமரியில் சீட்டு வாங்கினார் என்பது இருக்கும். வயது, தெரு, வீட்டில் இருக்கும் மற்றவர்களின் பதிவு எல்லாம் சேர்த்து ஒவ்வொருவருக்கும் 0 முதல் 100 வரை இரண்டு மதிப்பெண் போடுவார்கள்: நமக்குப் போடுவாரா, வாக்களிக்க வருவாரா. ஆதரவு 40-60க்குள்ளும் வருகை உயரத்திலும் இருப்பவர் கதவைத் தட்டி வாதாட ஏற்றவர். ஆதரவு 85, வருகை 30 என்றால் வாதமே வேண்டாம், கூட்டிக்கொண்டு வந்தால் போதும்.

இந்த மதிப்பெண் போடும் கணினிக் கணக்கு தடுமாறுவது முதல் வகையில். 50 என்ற மதிப்பெண்ணுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. நிஜமாகவே ஊசலாடும் ஆள் ஒன்று, கணினிக்கு ஒன்றும் தெரியாத ஆள் இன்னொன்று. பட்டியல் இருவரையும் ஒரே வரியில் வைக்கும். தட்டிய கதவுகளில் பாதி வீணாவது இதனால்தான்.

காலா, புரூக்மேன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2018இல் 49 களச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பொதுத் தேர்தல் நெருக்கத்தில் வீடு வீடாகப் போவது, தபால், விளம்பரம் எல்லாம் சேர்ந்து ஒருவர் முடிவை மாற்றும் அளவு சராசரியாக ஏறக்குறைய பூஜ்யம். தேர்தலுக்கு வெகு முன்பே பேசினால் கொஞ்சம் மாறுகிறது, ஆனால் தேர்தல் நாளுக்குள் கரைந்துவிடுகிறது. வாக்களிக்க வரவைப்பதில் பலன் இருக்கிறது, மனதை மாற்றுவதில்தான் இல்லை.

#12 கேள்விக்குறி

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. தேர்தல் இரவு டிவியில் ஓடும் அட்டவணையும் ஒரு வாரம் கழித்துப் பார்ப்பதும் ஏன் ஒத்துப்போவதில்லை?

#13 வாக்குக்கணக்கு

மாலையில் வருவது முதல் அலை. ஓட்டு எண்ண எண்ண, நிஜ முடிவோடு பொருந்தும்படி எடையை மாற்றிக்கொண்டே போவார்கள். அதனால் மாலை ஸ்கிரீன்ஷாட்டை வைத்து வாதாட வேண்டாம், இறுதி வடிவம் வரும்வரை பொறுங்கள். தபாலில் வாக்களித்தவர்களைச் சாவடி வாசலில் பிடிக்க முடியாது என்பதால் அவர்களைத் தொலைபேசியிலும் கேட்டுச் சேர்க்கிறார்கள்.

கூடவே அசோசியேட்டட் பிரஸ்ஸின் வோட்காஸ்ட் என்ற தனிக் கணிப்பும் 2018இல் தொடங்கி 2024 தேர்தலிலும் வந்தது. அது சாய்வாளர்களைக் கட்சியோடு சேர்த்துவிட்டதால் அங்கே சாராதவர் பெட்டி ஒற்றை இலக்கத்துக்குச் சுருங்கிவிட்டது. ஒரு சேனலில் 34%, இன்னொன்றில் அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லையே என்று குழம்ப வேண்டாம். அட்டவணையின் தலைப்பில் "சாய்வாளர் உட்பட" என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், சதவீதத்தைப் பிறகு படிக்கலாம்.